சிலுவைத்துறையின் அசதி

மழைக்கு முந்தின புழுக்கத்தில், கடல்காற்றுகூட அலுத்துப்போய் உப்பளத்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்ட ஒரு சாயங்காலம், சிலுவைத்துறைக்காரர்களின் அசதி செலினுடைய கிட்டாருக்குள் இறங்கத் தொடங்கியது. முதலில் இறங்கியது ரெக்ஸ்லினுடையது. செலினின் புருஷன் கெனிசனுக்குத் தங்கை அவள், இரண்டு வீடு தள்ளிக் குடியிருப்பவள். இறால் கம்பெனியில் ஷிப்டு முடித்து, நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் நின்ற கால் தன்னுடைய கால்தானா என்று சந்தேகப்பட்டுக்கொண்டே நடந்து வந்தவள், தன் வீடுவரைக்கும் போகச் சீவனில்லாமல் அண்ணன் வீட்டு வாசற்படியில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உட்கார்ந்தாள். உள்ளே செலின் ஒரு மெட்டின் ஒரே துண்டை வாசிப்பதும், தடுக்குவதும், திரும்ப முதலிலிருந்து வாசிப்பதுமாக இருந்தாள். சுவரில் தலைசாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்த ரெக்ஸ்லினுக்கு, இடுப்பில் கட்டியிருந்த கல்லை யாரோ பின்னாலிருந்து அவிழ்த்த மாதிரி இருந்தது. எழுந்தாள். வீட்டுக்குப் போய் மூட்டை கட்டி வைத்திருந்த அழுக்குத் துணியெல்லாம் துவைத்தாள், பாயை உதறினாள், அடுப்படிச் சுவரைத் தேய்த்துக் கழுவினாள், அதற்குப் பிறகும் கைக்கு வேலை கேட்டுத் தெருவைப் பெருக்கினாள்.

வாசிப்பை முடித்துக் கிட்டாரை ஆணியில் மாட்டப் போன செலினுக்கு அது கனத்தது. உள்ளே ஒரு படி அரிசியைக் கொட்டியதுபோல. குலுக்கிப் பார்த்தாள், சத்தம் எதுவும் வரவில்லை. ஆணி தாங்காது என்று தோன்றியதால் மூலையில் சாய்த்துவைத்துவிட்டு உலை வைக்கப் போனாள். சிலுவைத்துறையில் இதற்கெல்லாம் நின்று யோசிக்கிற அளவுக்கு யாருக்கும் ஓய்வு கிடையாது.

செலினுக்கு வயது நாற்பதைத் தாண்டியிருந்தது. அவளும் அதே இறால் கம்பெனிதான், உரித்த இறாலைப் பருமன் பார்த்துப் பிரிக்கிற மேசையில் வேலை. கிட்டார் அவள் வாழ்க்கைக்குள் வந்ததே தற்செயலாகத்தான். கோயில் மண்டபத்தில் ஒரு விழா முடிந்து எல்லாரும் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தபோது, மொபைல் கடை மாடியில் புதிதாக வகுப்பு ஆரம்பித்திருந்த லிகோரி என்கிற இளைஞன் மேடையில் தனியாக உட்கார்ந்து, இடது காலை ஒரு சின்னப் பலகைமேல் தூக்கிவைத்து, பாட்டும் தாளமும் இல்லாமல் வெறும் கிட்டாரை வாசித்தான். நாற்காலிகள் அடுக்கப்படும் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. செலின் மட்டும் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைக்கவும் மறந்து நின்றாள். ஒரே ஆள், ஒரே கை, ஆனால் கட்டைவிரல் ஆழத்தில் ஒருத்தி நடப்பதுபோல நடக்க, மற்ற மூன்று விரல்கள் மேலே மழைத்தூறலாக விடாமல் விழுந்துகொண்டிருந்தன. அடுத்த வாரமே அவள் அந்த மாடிப்படி ஏறினாள். தன் வயசில் பாதியே ஆன அவனை அவள் ‘சார்’ என்றாள், அவன் அவளை ‘அக்கா’ என்றான்.

“வலதுகைல நகம் வளக்கணும்க்கா. நகம் இல்லாம இந்தத் தூறல் வராது.”

“கம்பெனி கேட்டுல நகத்தைப் பாத்துத்தான் சார் உள்ள விடுவாங்க. வளந்திருந்தா அங்கயே நிக்க வச்சு வெட்டிருவாங்க.”

லிகோரி அவள் விரல்நுனிகளைப் பார்த்தான். ஐஸில் ஊறி வெளுத்து, நுனித்தோல் சுருங்கிக் கிடந்தன. “சரி, சதையாலயே வாசிங்க. சத்தம் சின்னதா இருக்கும். சின்னதாவே இருக்கட்டும்,” என்றான்.

அப்படித்தான் அவள் படித்தாள். வேலை முடிந்து வந்து, சோறு வடித்து, குழம்பு கொதிக்கிற நேரத்துக்குள் காலைப் பலகைமேல் வைத்து உட்காருவாள். விரல் ஒவ்வொன்றும் மற்ற விரல்களுக்குத் தெரியாமல் தனியாக நடக்கப் பழக வேண்டும், மூன்று விரலும் ஒரே அளவு சத்தம் போட வேண்டும், அவசரப்பட்டால் தூறல் சரிந்து கல்மழையாகிவிடும். மெட்டின் நடு அடியில் அவளுடைய மோதிரவிரல் எப்போதும் ஒரு நொடி பிந்தியது. அவளுக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, அதைக் கெனிசனிடம்கூடச் சொன்னதில்லை. ஒரு நாள் நாற்காலி போட்டு நாலு பேர் உட்கார்ந்து, பாதியில் எழுந்து போகாமல், அவள் அந்த மெட்டை வாசிப்பதைக் கேட்க வேண்டும். அவ்வளவுதான்.

ஆட்கள் வரத்தான் செய்தார்கள். ரெக்ஸ்லின் மறுநாளும் வந்தாள், கூட வேலை செய்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர்கள் சொல்லி உப்பளத்து ஆட்கள் வந்தார்கள், துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர்கள் வந்தார்கள், கைக்குழந்தைக்காரிகள் வந்தார்கள், கான்வென்ட் சமையற்கட்டிலிருந்து ஒரு சிஸ்டர் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வந்து கடைசியில் நின்றாள். வந்தவர்கள் தெருவில் சாக்கு விரித்து உட்கார்ந்தார்கள். போகப் போக அதற்கு ஒரு முறையும் உண்டானது. அசதி அதிகமாக இருப்பவர்கள் முன்னால் உட்கார வேண்டும், இல்லாவிட்டால் அது கிட்டாருக்குக் கிளம்பிப் போகும்போது முன்னால் இருப்பவர்களின் முதுகில் இடித்தது. காய்ச்சல்காரர்களுக்கு வீட்டுச் சன்னலோரம். சண்டை போட்டு அலுத்துவந்த புருஷன் பெண்டாட்டியை ஒரே சாக்கில் உட்கார வைக்கக்கூடாது, ஏனென்றால் யாருடைய அசதி யாருடையது என்று தெரியாமல் சிக்கிக்கொண்டு இரண்டுமே வெளியேற மறுத்தன. ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் சாமியார், வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்கள் கோயிலுக்கும் கொஞ்சம் வரலாம் என்று மெல்லிய குரலில் சொல்லிப் பார்த்தார். அதற்கு அடுத்த நாள் அவரே அங்கியைக் கழற்றிவிட்டுச் சாதாரணச் சட்டையில் வந்து சாக்கில் உட்கார்ந்தார்.

கிட்டார் கனத்துக்கொண்டே போனது. முதலில் செலினால் தூக்க முடியாமல் போனது, அப்புறம் கெனிசனாலும். அவன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கனத்தைக் கண்ணால் பார்த்தே சொல்லிவிடக்கூடியவன். “இது வெறும் கனம் இல்லட்டி. இதுல உப்பு இருக்கு, ஐஸு இருக்கு, பிள்ளைத்தாச்சி பாரமும் இருக்கு,” என்றான். ஒரு நாள் நாற்காலி முறிந்தது, அடுத்து தரையின் சிமெண்ட் விரிசல் விட்டது. கெனிசன் இரும்புச் சட்டத்தில் ஒரு தாங்கி செய்து கொண்டுவந்து, கிட்டாரை அதில் நிறுத்திச் சங்கிலி போட்டு உத்திரத்தில் மாட்டினான். அதன்பிறகு கிட்டார் செலினின் மடிக்கு வரவில்லை, அவள்தான் போய் அதன் பக்கத்தில் உட்கார்ந்தாள். லிகோரியின் மாடிக்கும் அதைக் கொண்டுபோக வழியில்லாமல் போனதால், லிகோரி கீழிறங்கி அவள் வீட்டுக்கு வந்து பாடம் சொன்னான்.

வந்த கூட்டத்தில் ஒருவருக்கும் அவள் என்ன வாசித்தாள் என்று தெரியாது. அவர்கள் கேட்டது தங்கள் உடம்பைத்தான். ஒரு நாள் செலின் வேண்டுமென்றே மெட்டை மாற்றி, கோயில் பாட்டொன்றைத் தப்புத்தப்பாக வாசித்தாள். எல்லாரும் முகம் தெளிந்து எழுந்து போனார்கள்.

“இன்னைக்கு எப்படி இருந்துச்சு?” என்று ரெக்ஸ்லினைக் கேட்டாள்.

“சூப்பர் மைனி. தோளு ரெண்டும் பஞ்சு மாதிரி ஆயிட்டு.”

“வாசிச்சது எப்படி இருந்துச்சுன்னு கேட்டேன்.”

ரெக்ஸ்லின் விழித்தாள். “அதான் மைனி... எப்பவும் போல,” என்றாள்.

எல்லாருடைய அசதியையும் வாங்கிக்கொண்ட கிட்டார் செலினுடையதை மட்டும் வாங்கவில்லை. வாசிக்கிறவளின் அசதி அவளிடமே தங்கியது, அது ஏன் என்று அவள் யாரையும் கேட்கவில்லை, யாருக்கும் தெரிந்திருக்கவும் போவதில்லை. கூட்டம் கலைந்து போனபிறகு அவள் சங்கிலியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தாள். கண்ணுக்குக் கீழே கருத்துப்போயிற்று. சோற்றுப் பானையை இறக்கக் கெனிசனைக் கூப்பிட்டாள்.

மற்றவர்களுக்கோ எதுவும் ஓயவில்லை. கம்பெனியில் இறால் உரிக்கிற கைகள் காலையில் இருந்த வேகத்திலேயே சாயங்காலமும் இருந்ததை மேனேஜர் வேணுகோபால் கவனித்தார். அவர் கெட்டவர் என்று சொல்ல முடியாது, எல்லாரையும் ‘அம்மா’ போட்டுத்தான் பேசுவார், ஆனால் கண்ணெதிரே ஓயாத கையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவரால் முடியவில்லை. ஷிப்டு கொஞ்சம் நீண்டது. யாரும் முனகவில்லை. இன்னும் நீண்டது. பிறகு ஞாயிற்றுக்கிழமையும் போனது. ‘முடியல’ என்ற சொல்லே சிலுவைத்துறையிலிருந்து காணாமல் போய்விட்டது. அதைச் சொல்ல ஆளில்லாததால், வேண்டாம் என்று சொல்வதற்கும் ஆளில்லாமல் போனது. டீக்கடைக்காரர் பெஞ்சை எடுத்து உள்ளே போட்டார், ஏனென்றால் எல்லாரும் நின்றபடியே குடித்துவிட்டுப் போனார்கள். கடற்கரையில் யாரும் சும்மா படுத்துக் கிடக்கவில்லை. அம்மாமார் உட்காருவதை விட்டதால் பிள்ளைகளுக்கு மடி கிடைக்கவில்லை. ரெக்ஸ்லினின் சின்ன மகள் அம்மாவின் பாவாடையைப் பிடித்துக்கொண்டு வீடு முழுக்கப் பின்னாலேயே நடந்து, நடந்தபடியே தூங்கக் கற்றுக்கொண்டாள்.

மழைக்காலம் முடிகிற சமயத்தில் ரெக்ஸ்லின் கம்பெனியில் ஐஸ் தரையில் விழுந்தாள். ஆஸ்பத்திரியில் பெரிய டாக்டரம்மா அவள் கால்களை அழுத்திப் பார்த்துவிட்டுச் செலினை வெளியே கூப்பிட்டார்.

“இந்தப் பொண்ணு எப்பவோ உக்காந்திருக்கணும். எப்பவோ படுத்திருக்கணும். எலும்பு, ரத்தம், எல்லாம் ஓஞ்சு கெடக்கு. ஏம்மா உக்காரலைன்னு கேட்டா, எனக்கு அலுக்கவே இல்லையேங்குது.”

உள்ளே ரெக்ஸ்லின் கையில் குளுக்கோஸ் ஊசியோடு, கண்ணை அகலத் திறந்துகொண்டு கிடந்தாள். பாதம் இரண்டும் ஊதிப் பளபளத்தன. உள்ளங்கை முழுக்க வெடிப்பு, அதில் ஆறாத கீறல்கள். அவை எப்போது வந்தன என்று அவளுக்கே தெரிந்திருக்கவில்லை.

“எனக்கு ஒண்ணுமில்ல மைனி, இவுங்கதான் படுக்க வச்சிருக்காங்க. நீங்க ஒரு தடவ வாசிச்சா எந்திரிச்சுருவேன். கிட்டாரைக் கொண்டுவர முடியாதா? அண்ணங்கிட்டச் சொல்லுங்க, கிரேன் இருக்குல்ல.”

செலின் அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். ஊதின பாதத்தை விரல் விரலாக நீவிவிட்டாள்.

“ஒங்கிட்ட இருந்து நான் எதையோ எடுத்துட்டேன்ட்டி,” என்றாள் கடைசியில்.

“பாரத்தைத்தான மைனி எடுத்தீங்க?”

“பாரம்னுதான் நானும் நெனச்சேன்.”

அந்த வாரத்தில்தான் மேனேஜர் வேணுகோபால் சால்வையோடு வீட்டுக்கு வந்தார். கம்பெனி ஆண்டு விழாவில் செலின் வாசிக்க வேண்டும் என்றார். மேடை, மைக், எல்லாருக்கும் நாற்காலி. “பக்கத்து ஊர்லருந்தும் ஆளுங்க வர்றாங்கம்மா. ஒருத்தரும் எழுந்து போகமாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்பு. உங்க கலைக்கு ஒரு மரியாதை வேணும்ல?” அவர் முகம் தெளிவாக, சுருக்கமே இல்லாமல் இருந்தது. அவரும் தெருமுனையில் காரை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்தபடி கேட்டுப் போகிறவர்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். செலின் சரி என்றாள். அவர் போனபிறகு கெனிசன் அவளைப் பார்த்தான்.

“நெசமாவா?”

“நெசமாத்தான். கிட்டாரை அங்க கொண்டுவந்து சேத்துருங்க. மிச்சத்தை அங்க வச்சுப் பாத்துக்கிடுவோம்.”

விழா நாள் மத்தியானம், வாசல் நிலையைப் பெயர்த்து, கிரேன் வண்டியைத் தெருவுக்குள் பின்பக்கமாகவே ஓட்டிவந்து, கெனிசன் அந்தக் கிட்டாரைத் தூக்கினான். கிரேனின் முன்சக்கரம் இரண்டும் ஒரு சாண் எழும்பி இறங்கின. மரமேடை தாங்காது என்பதால், இறால் பெட்டி ஏற்றுகிற கான்கிரீட் மேடையிலேயே தாங்கியை வைத்து, கிரேன் கொக்கியிலிருந்து சங்கிலியைக் கழற்றாமல் கிட்டாரை நிறுத்தினான். எதிரே வெயிலுக்குத் துணிப்பந்தல், பந்தலின் கீழே நாற்காலி வரிசைகள், வரிசைகள் நிறைய ஜனங்கள். ஆஸ்பத்திரியிலிருந்து ரெக்ஸ்லினையும் சக்கர நாற்காலியில் வைத்துக் கூட்டிவந்திருந்தார்கள், அவள் பிடிவாதம் பிடித்திருந்தாள். லிகோரி முன்வரிசையில் இருந்தான்.

செலின் காலைப் பலகைமேல் வைத்து உட்கார்ந்தாள். எத்தனையோ சாயங்காலமாகத் தனக்குள் பார்த்துக்கொண்டிருந்த காட்சி அப்படியே எதிரே இருந்தது. நாற்காலி, ஆட்கள், அமைதி. கட்டைவிரலை வைத்தாள். ஆழத்தில் ஒருத்தி நடக்கத் தொடங்கினாள், மேலே தூறல் விழுந்தது, மைக் அந்தச் சின்னச் சத்தத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பந்தலின் கடைசிக் கால்வரைக்கும் வைத்தது. வாசித்துக்கொண்டே அவள் நிமிர்ந்து முகங்களைப் பார்த்தாள். எல்லாக் கண்களும் அகலத் திறந்து, கழுவிய கண்ணாடி மாதிரி மினுங்கிக்கொண்டிருந்தன. யாரும் அவளைப் பார்க்கவில்லை. வரிசை வரிசையாகப் பெண்களின் மடியில் கைகள் அசைந்துகொண்டிருந்தன. அவள் உற்றுப் பார்த்தாள். இல்லாத இறாலை உரித்துக்கொண்டிருந்தன அந்தக் கைகள். தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி, நரம்பை இழுத்து, தலையைக் கிள்ளி, ஓட்டைக் கழற்றி. சக்கர நாற்காலியில், ஊசி குத்திய கையோடு, ரெக்ஸ்லினும்.

செலின் வாசிப்பதை நிறுத்தினாள். மெட்டு பாதியில் நின்றது. அவள் எழுந்து, கிட்டாரின் தலைப்பக்கம் போய், நரம்பை முறுக்குகிற முதல் சாவியைப் பிடித்தாள்.

“அக்கா, என்ன செய்றிய?” என்று லிகோரி எழுந்தான்.

“எறக்கப் போறேன் சார்.”

அவன் அவளையும் கூட்டத்தையும் மாறிமாறிப் பார்த்தான். “ஒரேயடியா எறக்காதிய. கழுத்து ஒடஞ்சுரும். கொஞ்சம் கொஞ்சமா... ஒண்ணு மாத்தி ஒண்ணு,” என்றான். பிறகு மேடைமேல் ஏறிவந்து, பாரம் அழுத்தி வில்லாக வளைந்திருந்த கிட்டாரின் கழுத்தைத் தன் இரண்டு கையாலும் தாங்கிப் பிடித்துக்கொண்டான்.

சாவி திரும்பத் திரும்ப நரம்பு தளர்ந்தது. தளர்கிற நரம்பிலிருந்து ஒரு முனகல் வந்தது, கிணற்றுக்குள்ளிருந்து வாளி ஏறுகிற மாதிரி, மெதுவாக, கீழ் ஸ்தாயியில். முதலில் கேட்டில் நின்ற வாட்ச்மேன் கொட்டாவி விட்டார். அங்கே கொட்டாவியைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்ததால் பக்கத்திலிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள், பார்த்தவர்களுக்கும் வந்தது. அது வரிசை வரிசையாக முன்னால் வந்தது. மடியில் அசைந்த கைகள் ஒவ்வொன்றாக நின்று, மல்லாந்து விழுந்தன. பந்தலின் நடுவிலிருந்து ஒரு பொம்பளையின் குரல், யாருடையது என்று தெரியவில்லை, ஆழமாக, கிட்டத்தட்டச் சந்தோஷமாகக் கேட்டது: “யம்மா... முடியலட்டி.”

அப்புறம் எல்லாப் பக்கமிருந்தும் அந்தச் சொல். முடியல. என்னால முடியல. இடுப்பு போச்சு. கால் போச்சு. மாசக்கணக்கில் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒரே நேரத்தில் வந்தது. நாற்காலியில் இருந்தவர்கள் பக்கத்து நாற்காலிக்காரர் தோளில் சாய்ந்தார்கள், சாய்ந்தவர்கள் வழுக்கித் தரையில் இறங்கினார்கள். பிள்ளைகள் கிடைத்த மடியில் ஏறிப் படுத்தன. மேனேஜர் வேணுகோபால் மைக்கைப் பிடித்து, “அன்பான தொழிலாளர்களே,” என்று ஆரம்பித்து, அந்த இடத்திலேயே உட்கார்ந்து, கான்கிரீட் படியில் கன்னத்தை வைத்துக்கொண்டார். சங்கிலி தளர்வதைப் பார்த்துக்கொண்டிருந்த கெனிசன், தன்னுடையதும் வந்து சேர, கிரேன் வண்டியின் சக்கரத்தில் சாய்ந்தான். ரெக்ஸ்லின் முகம் கோணி ஒரு பாட்டம் அழுதாள். வலி இப்போதுதான் அவளுக்கு எட்டியது. அழுதபடியே தூங்கிப்போனாள்.

அடுத்த ஷிப்டுக்கான சங்கு ஊதியது. ஒருவரும் எழவில்லை. குளிர் அறையின் கதவிடுக்கு வழியாக ஐஸ் உருகின தண்ணீர் முற்றத்தில் மெதுவாக ஓடி, தூங்குகிறவர்களின் பாதங்களை நனைத்துக்கொண்டு சாக்கடையில் இறங்கியது. செலின் ஒரு கையால் கிட்டாரைத் தூக்கிப் பார்த்தாள். சுள்ளிக்கட்டு மாதிரி லேசாக இருந்தது. அதை லிகோரியிடம் கொடுத்துவிட்டு, இறங்கிவந்து, ரெக்ஸ்லினின் சக்கர நாற்காலிக்கும் யாரோ ஒரு கைக்குழந்தைக்காரிக்கும் நடுவே இடம் பிடித்துத் தானும் படுத்தாள்.

விழித்தபோது அவர்கள் அசதியாக இருந்தார்கள், அசதியாக இருந்ததால் எரிச்சலாகவும் இருந்தார்கள், எரிச்சலாக இருந்ததால் மேனேஜரின் அறைமுன் போய் உட்கார்ந்தார்கள். நிற்க முடியாததால்தான் உட்கார்ந்தார்கள், வேறு பெரிய திட்டம் எதுவும் இல்லை, ஆனால் உட்கார்ந்தவர்களை எழுப்புவது யாராலும் முடியவில்லை. இழுபறிக்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை திரும்பி வந்தது. நீண்டுபோன ஷிப்டில் பாதி குறைந்தது, பாதி அப்படியே நின்றது. எல்லாரும் செலினுக்கு நன்றி சொல்லவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளையை வைத்துக்கொண்டிருந்த பிலோமி தெருவில் அவளை மறித்து, “எனக்கு அது வேணும்போல இருந்துச்சு. ஒங்களுக்கு என்ன, குடுக்கவும் நீங்க, பிடுங்கவும் நீங்களா?” என்று கேட்டாள். செலின் பிலோமியின் பிள்ளையை அன்று சாயங்காலம்வரை வாங்கி வைத்துக்கொண்டாள், பிலோமி அப்போதும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வாங்கிப் போனாள்.

லிகோரி கிட்டாரின் கழுத்தை நேராக்கிப் புது நரம்பு கட்டித் தந்தான். பிறகு அந்தக் கிட்டார் யாருடைய அசதியையும் வாங்கவில்லை, அதனால் யாரும் சாக்கு விரிக்கவும் வரவில்லை. பெயர்த்த வாசல் நிலையைக் கெனிசன் திரும்ப வைத்துப் பூசினான். செலின் வேலைக்குப் போனாள், வந்தாள், உலை வைத்தாள், வாசித்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து, ரெக்ஸ்லின் மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தாள். கால் இன்னும் முழுசாக ஆறவில்லை. தரையில் பாயை விரித்து, தலைக்குக் கையை வைத்து ஒருக்களித்துப் படுத்தாள். பிள்ளை அவள் வயிற்றில் முதுகைப் பொருத்திக்கொண்டது.

“அசதியா இருக்கு மைனி,” என்றாள்.

“படு. சத்தமா இருந்தா வாசிக்கல.”

“இல்ல, வாசிங்க. சும்மா கேட்டுக்கிட்டு கெடக்கேன்.”

செலின் வாசித்தாள். கட்டைவிரல் நடந்தது, தூறல் விழுந்தது, வெளியே யாரோ சைக்கிள் மணி அடித்துப் போனார்கள். நடு அடியில் மோதிரவிரல் பிந்தியது, தூறலில் ஓர் ஓட்டை விழுந்து மூடியது. அவள் நிற்காமல் கடந்து போய்விட்டாள். பாயிலிருந்து, கண்ணைத் திறக்காமலே, ரெக்ஸ்லின் கேட்டாள்:

“இப்ப ஒரு தப்பு வந்துச்சுல்ல மைனி?”

செலின் கையை எடுத்தாள். “எங்க?”

“நடுவுல. என்னமோ கால் தடுக்குன மாதிரி.”

“ஆமா,” என்றாள் செலின். அவளுக்குச் சிரிப்பு வந்தது. “ஆமாட்டி, தப்புத்தான். இரு, முதல்ல இருந்து வாசிக்கேன்.”